மனம் சரியில்லை என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள்: ஒற்றைக்காலில் தைக்கும் ஒருத்தியின் யோசனைகள்

இனிப்பு நீர் எனும் நீரிழிவு நோயால் என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரம் நின்ற நிலத்தில் எழுந்த மலிவுவிலை வீடு ஒன்றில் இருந்துகொண்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். அளவு கொடுக்க வருகிறவர்களில் பலர் கொடுத்த பிறகும் எழுந்து போவதில்லை. ஒருத்தியின் கணவருக்கு டயாலிசிஸ், இன்னொருத்தியின் அம்மாவுக்குப் பக்கவாதம், வேறொருத்திக்குத் தன் கண்ணே மங்கிக்கொண்டு வருகிறது. பேச்சு எங்கே சுற்றினாலும் "மனமே சரியில்லை அக்கா" என்பதில் வந்து நிற்கும்.

அளவு கொடுக்காமல் ரவிக்கை சரியாக வரவில்லை என்று குறைப்படுவது மாதிரிதான் இது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது, பெற்ற பிள்ளையாலும் முடியாது. எது வலி, எது பயம், எது பணக்கவலை, எது அவமானம், எது தனிமை என்று பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. நான் நோயாளி, டாக்டர் இல்லை. ஆனால் எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பது நோயாளிக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற சங்கதி என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகக் கண்டது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், நம் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், மாலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களின் முகம் நினைவுக்கு வரும்.

முதலில் உடம்பைச் சந்தேகப்படுங்கள்

திடீரென்று கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று தோன்றுகிறது. இன்சுலின் போடுகிறவர்கள் இதைப் பயம் என்று முடிவு கட்டுவதற்குமுன் விரலைக் குத்திப் பார்க்க வேண்டும். இரத்தச் சீனி அளவு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் சீனி இறங்கியிருக்கிறது. மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். இதைத் தெரியாமல் "பேய் அடித்துவிட்டது" என்று மந்திரிக்கக் கூட்டிப்போன வீட்டை நான் அறிவேன்.

நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது என்றால் "கவலையால்தான்" என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். இனிப்பு நீர்க்காரர்களுக்கு மாரடைப்பு பெரிய வலி இல்லாமலும் வரும். 999ஐ அழையுங்கள். இதயம் நன்றாக இருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகு மனத்தைப் பற்றிப் பேசலாம். சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச்சோகை வரும், அதுவே ஆளைச் சுருட்டிப் படுக்க வைக்கும். தைராய்டு குறைந்தாலும் அப்படித்தான். இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடியதை ஜாதகத்தில் தேட வேண்டியதில்லை.

இல்லாத கால் வலிக்கும்போது

இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வெளியே சொல்ல வெட்கப்பட்டு உள்ளுக்குள் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயந்துகொண்டிருப்பவர்கள் பலர். கால் இல்லை, ஆனால் கட்டை விரல் அரிக்கிறது. பாதத்தை யாரோ முறுக்குகிறார்கள். நடுச்சாமத்தில் போர்வைக்கு வெளியே நீட்டிய கணுக்காலை உள்ளே இழுக்கப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. என் பெரியம்மா, வெட்டிய காலை முறையாக அடக்கம் செய்யாததால்தான் அது என்னைத் தேடி வருகிறது என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த விளக்கம் அது.

கை காலை இழந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வலி வருகிறது. காலில் இருந்து சேதி வராவிட்டாலும் மூளையில் அந்தக் காலுக்கு உரிய இடம் அப்படியே இருக்கிறது. நரம்பும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உண்மையான வலி இது, கற்பனை இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் விளையனூர் ராமச்சந்திரன் 1990களில் இதற்கு ஒரு கண்ணாடியை வைத்து வைத்தியம் சொன்னார். துணி போட்டுப் பார்ப்பவர்களுக்காக நான் வைத்திருக்கும் நீளக் கண்ணாடியே எனக்கு அதற்கு உதவியது.

செய்யும் விதம் இது. படுக்கையில் கால்களை நீட்டி உட்காருங்கள். கண்ணாடியை இரண்டு தொடைகளுக்கும் நடுவே நீளவாக்கில், முகம் நல்ல காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். இப்போது கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு கால்கள் இருப்பதுபோல் தெரியும். நல்ல பாதத்தை மெல்ல மடக்கி, நீட்டி, விரல்களை விரித்து, பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் நாள்தோறும் செய்ய வேண்டும். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு முதல் முறை தலை சுற்றும், அழுகை வரும். ஆகவே மருத்துவமனையில் உடற்பயிற்சி சொல்லித் தருபவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

மாத்திரையும் உண்டு. நரம்பு வலிக்கு டாக்டர்கள் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதுவார்கள். அது அடிப்படையில் மனச்சோர்வுக்கான மருந்து. வீட்டில் படித்த பிள்ளை கைப்பேசியில் தேடிப் பார்த்து, "உனக்குப் பைத்திய மாத்திரை கொடுத்திருக்கிறார்கள் அம்மா" என்று கிளப்பிவிடும். ஒரே மருந்து இரண்டு வேலைக்கும் பயன்படுகிறது என்பதுதான் விஷயம். தூக்கம் அதிகமாக வந்தாலோ வாய் காய்ந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கிளினிக்கில் சொல்லும் முறை

அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) இனிப்பு நீர், இரத்த அழுத்தத்தோடு மனச்சோர்வையும் பார்ப்பார்கள். இது பலருக்குத் தெரியாது. ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லாமல் இருந்ததா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்ததா என்று தொடங்கும். மொத்தம் 27 மதிப்பெண், 10 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டிய நிலை. பள்ளிப் பரீட்சை என்று நினைத்து நல்ல பிள்ளையாகப் பதில் எழுதாதீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தாளில் ஒரு சிக்கல் உண்டு. களைப்பு, தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் நோயாலும் வரும். டயாலிசிஸ் இயந்திரத்தோடு வாரத்துக்கு மூன்று நாள் நான்கு மணி நேரம் கட்டுண்டு கிடப்பவர் களைத்துத்தான் இருப்பார். அதனால் டாக்டரிடம் வேறு அடையாளங்களை எடுத்துச் சொல்லுங்கள். முன்பு பிடித்தது இப்போது பிடிக்கவில்லை என்பதுதான் பெரிய அடையாளம். "பேரப்பிள்ளை வந்தாலும் தூக்கத் தோன்றவில்லை", "மின்னல் எஃப்எம்மில் பழைய பாட்டு போனால் அணைத்துவிடுகிறேன்", "எல்லோருக்கும் நான் பாரம் என்று தோன்றுகிறது". இப்படிச் சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியும். "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்றால் பெனடால் என்ற வலி மாத்திரைதான் கிடைக்கும்.

மலாய் தடுமாறுமானால் ஒரு சின்னத் தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "சாயா ராசா மூரோங், சூடா டுவா மிங்கு" என்றால் இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறது என்று பொருள். "தா போலே தீடோர்" என்றால் தூக்கம் வரவில்லை. "பூத்துஸ் ஆசா" என்றால் நம்பிக்கை போய்விட்டது. தமிழ் பேசும் தாதி அல்லது டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில் தவறில்லை.

மகனையோ மருமகளையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். மகன் முன்னால் நீங்கள் பாதியை விழுங்குவீர்கள், மீதியை அவன் நாகரிகமாக மாற்றிச் சொல்வான். நீங்கள் "செத்தால் தேவலை" என்றால் அவன் "கொஞ்சம் வருத்தமாக இருக்கிறாராம்" என்பான். அவன் மேல் குற்றம் இல்லை, எந்தப் பிள்ளையால் அந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்ல முடியும்? அவனை வெளியே தே ஓ குடிக்க அனுப்பிவிட்டு உள்ளே போங்கள்.

எல்லா டாக்டரும் காது கொடுப்பார் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஜாங்ஙான் ஸ்ட்ரெஸ்", அதாவது மன அழுத்தம் வேண்டாம், என்று எனக்கு அறிவுரை சொல்லி அனுப்பினார். அது தெரிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? அடுத்த தவணையில் வேறு டாக்டர் இருப்பார், மறுபடியும் சொல்லுங்கள். குடும்ப மருத்துவ நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினால் இரண்டு மூன்று நாளில் பலன் எதிர்பார்க்காதீர்கள். சில வாரங்கள் ஆகும். தேறிய பிறகும் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று விடக் கூடாது. வாங்கிச் சாப்பிடும் நாட்டு மருந்து, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் அவரிடம் காட்டுங்கள், சிறுநீரகம் பழுதானவர்கள் கட்டாயம் காட்ட வேண்டும்.

ஒரு பெயரைக் கேட்டாலே நம் ஊர்க்காரர்கள் பின்வாங்குகிறார்கள்: தஞ்சோங் ரம்புத்தான். 1911இல் திறந்த அந்த மனநல மருத்துவமனை நமக்கு அடுத்த ஊர் என்பதால், பள்ளிக்கூடத்துச் சண்டையிலிருந்து மாமியார் சண்டைவரை அதை வைத்தே திட்டி வளர்ந்திருக்கிறோம். மனச்சோர்வு என்று சொன்னவுடன் அங்கே கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் போகவில்லை. பெரும்பாலோருக்குக் கிளினிக்கிலேயே வைத்தியம் முடிந்துவிடும். மேலே அனுப்பினாலும் வெளிநோயாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஈப்போவில் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

பணக்கவலைக்கு வேறு கதவு

பாதி மனக்கஷ்டம் பணக்கஷ்டம். அதற்கு மாத்திரை கிடையாது, விண்ணப்பப் பாரம்தான் உண்டு. அரசு மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். செயற்கைக் கால், சக்கர நாற்காலி, டயாலிசிஸ் செலவு ஆகியவற்றுக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று வழிகாட்டுவது அவர்கள் வேலை. வார்டில் படுத்திருக்கும்போதே கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு கேட்பதென்றால் மறுபடி பஸ், மறுபடி வரிசை.

சந்தா கட்டி வேலை செய்தவர்கள், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு 60 வயது நிறையும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தகுதி உள்ளவர்களுக்கு டயாலிசிஸ் உதவியும் அங்கே உண்டு. தோட்டத்தில், தொழிற்சாலையில் காலமெல்லாம் சந்தா பிடித்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். அடுத்தது ஓ.கே.யு. அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு செய்வது. டாக்டர் பூர்த்தி செய்த பாரத்தோடு போக வேண்டும். நம் ஊர் கோலகங்சார் மாவட்டத்தில் சேர்ந்தது என்பதை நினைவில் வையுங்கள், ஈப்போவுக்கு ஓடாதீர்கள். நீண்ட கால மனநோயும் அந்த அட்டைக்கான வகைகளில் ஒன்று. "ஊனமுற்றவள் என்று முத்திரை குத்திக்கொள்ள வேண்டுமா" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த அட்டையால் அரசு மருத்துவமனைக் கட்டணம் மிச்சமாகிறது. முத்திரையை ஊர்க்காரர்கள் இலவசமாகவே குத்திவிடுகிறார்கள்.

வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்கள்

பார்க்க வருகிறவர்கள் மிலோ டின்னும் இனிப்புப் பானமும் கொண்டு வருவார்கள். இனிப்பு நீரில் கால் போனவளுக்கு. அதை வாங்கிப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். "போன ஜென்மத்துப் பாவம்", "ஏழரைச் சனி", "அன்றைக்கே வாயைக் கட்டியிருந்தால்" என்று கொண்டு வருகிற பேச்சை யாரிடம் கொடுப்பது? ஒரே வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள். என்னுடையது: "அதைப் பேசினால் எனக்குச் சீனி ஏறுகிறது அத்தை, வேறு பேசுவோம்." நோயைக் காரணம் காட்டினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

கோயிலுக்குப் போங்கள். முடியாத காலத்தில் முருகன் முன்னால் உட்கார்ந்து அழுதால் நெஞ்சு லேசாகும், நானும் அழுதிருக்கிறேன். செய்வினை எடுக்கிறேன் என்று பணம் கேட்கிறவரும், மாத்திரையை நிறுத்து என்கிறவரும் சாமி பெயரைச் சொன்னாலும் அவர்களை வாசலோடு அனுப்புங்கள்.

மனம் வந்தால் செய்கிறேன் என்று காத்திருக்காதீர்கள். சோர்ந்த மனம் தானாக வராது, வேலையைத் தொடங்கிய பிறகுதான் பின்னாலேயே வரும். மனநல வைத்தியத்தில் இதை ஒரு முறையாகவே சொல்லித் தருகிறார்கள். நேரம் குறித்து, சின்னதாக, மனத்தைக் கேட்காமல் செய்ய வேண்டும். நான் தையல் இயந்திரத்தின் மிதியை இடது பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் பழகாத காலில் தையல் பாம்பாக நெளிந்தது. பரவாயில்லை என்று தலையணை உறை தைத்தேன், அதில் கோணல் யாருக்கும் தெரியாது. உங்களுக்கு அது கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், பசியாறிய பின் வாசல்வரை நடப்பதாக இருக்கலாம்.

உயிர் வேண்டாம் என்று தோன்றினால்

இது எப்போதும் வெளிப்படையாக வராது. இன்சுலினை வேண்டுமென்றே விடுவது, டயாலிசிஸ் நாளில் "இன்றைக்குப் போகவில்லை" என்று திரும்பிப் படுத்துக்கொள்வது, எதிரில் வைத்து இனிப்பைச் சாப்பிடுவது. வீட்டில் இதை அடம் என்று நினைத்துத் திட்டுவார்கள். திட்டுவதற்குமுன் நேராகக் கேளுங்கள்: "வாழப் பிடிக்கவில்லையா? சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?" கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அது வருவதில்லை. பெரும்பாலும் கேட்டவுடன் அவர்களுக்கு ஒரு பாரம் இறங்கும்.

ஆம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். மருந்துகளை இன்னொருவர் பொறுப்பில் வைத்து வேளைக்கு வேளை கொடுங்கள். தோட்டப்புறத்து வீடுகளில் கொட்டகையில் களைக்கொல்லி இருக்கும். பாராகுவாட் 2020 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது, மற்றவை இருக்கின்றன. வேறு இடத்துக்கு அப்புறப்படுத்துங்கள். ஆபத்து உடனடியானது என்றால் 999, அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பு 03-7627 2929, இது 24 மணி நேரமும் உண்டு. எடுத்தவரிடம் தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள். போலீஸ் வருமோ என்று பயந்து மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது சட்டப்பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். மருத்துவமனைக்குத் தைரியமாகக் கூட்டிச் செல்லுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி

இதை நோயாளிகளுக்குத்தான் எழுதுகிறேன். உங்களைக் குளிப்பாட்டி, காயத்துக்குக் கட்டு மாற்றி, வேலைக்கும் போய்வரும் மகளுக்கும் அதே ஒன்பது கேள்வித் தாள் தேவைப்படலாம். அடுத்த தவணையில் அவளையும் கேட்கச் சொல்லி டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். வாரத்தில் ஒரு பிற்பகலாவது அவளுக்கென்று விடுங்கள். அன்றைக்கு அண்ணனோ தம்பியோ வந்து உட்காரட்டும், பெண் பிள்ளைதான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. யார் வருகிறார் என்று முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். தண்ணீர், மாத்திரை, கைப்பேசி மூன்றையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அவள் திரும்பி வந்ததும், "இவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள், என்ன படம் பார்த்தாள் என்று கேளுங்கள்.